நான்தான் என்று சொன்ன நாள்

திருப்பதியில், ஓர் அமெரிக்க மென்பொருள் கம்பெனியின் சின்னக் கிளையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். என்னைவிட நான்கு வயது பெரியவள், அக்கா என்று கூப்பிடுவேன். சுற்றிலும் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களுக்குள் மட்டும் தமிழ்.

அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கான வேலை. மருந்து, கட்டில், கருவி என எதைத் தேடினாலும் அதன் விவரம் திரையில் வரவேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு குழு ஒரு விதமாக எழுதியிருந்தது. புதிதாக ஏதாவது சேர்ந்தால் திரைக்கான புரோகிராமை நான் திருத்தவேண்டும். ஒரு நாள் சலித்துப்போய்க் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஒவ்வொன்னுக்கும் தனியா எழுதிக்கினே இருந்தா எப்ப முடியும்?" என்றாள் அக்கா. "நடுவுல ஒரு லேயர் வச்சிடலாம். உன்கிட்ட இன்னா இன்னா ப்ராப்பர்ட்டி, அதான் விவரம், இருக்குதுன்னு ஸ்க்ரீன் அத்த கேட்டா போதும். எங்கேர்ந்து எடுக்கறதுன்றது லேயர் பாடு."

எட்டு மாதம் அதைக் கட்டினோம். யோசனை முழுக்க அவளுடையது. நான் கூட இருந்து எழுதினேன்.

அமெரிக்காவுக்கு ஒருவரை அனுப்பவேண்டி வந்தது. நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். "நீ போ. நான் அப்பறம் வர்றேன்" என்றாள்.

அங்கே முதல் கூட்டத்திலேயே கம்பெனி மேலாளர் கேட்டார், இதை வடிவமைத்தது யார் என்று. யோசித்து வைத்த பொய் இல்லை. நான்தான் என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. வடிவமைத்தவளே இங்கே இருக்கும்போது அங்கே எதற்கு ஓர் ஆபீஸ் என்று மூன்றே மாதத்தில் திருப்பதி கிளையை மூடினார்கள்; அக்காவுக்கு வேலை போயிற்று.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நீயே செஞ்சதுன்னு சொன்னியாமே. நெஜமா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரி. சோறு துன்னியா?" என்றாள். இல்லை என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவள் மெதுவாகப் போனை வைத்தாள்.

உண்மையைப் பிறகு மேலாளரிடம் சொன்னேன். பழைய கதை, விடு என்றார்.

ஆறு வருஷம் கழித்துப் புத்தூருக்குப் போனேன். ஒரு காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள், நைனா போனதைச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். வாசல்வரைதான் வந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.