மணி கவ்விய டிராக்டர் சாவி

எங்கள் நாய் மணி குட்டியாக இருந்தபோது என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும். நானும் சிரித்துக்கொண்டே துரத்துவேன். அதற்கு நான் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

போன அறுவடையில் நெல் மூட்டைகளை டிராக்டரில் ஏற்றி முடித்ததும், உத்திரமேரூர் ஏரிப் பக்கம் வானம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து மணி டிராக்டர் சாவியைக் கவ்விக்கொண்டு ஓடியது. "ஐயோ, நெல்லு நனைஞ்சிடும்டா!" என்று அலறிக்கொண்டு, அவிழ்ந்த வேட்டியோடு துரத்தினேன். அது வாலை ஆட்டியபடி இன்னும் வேகமெடுத்தது.

"அதுதான் வெளையாடுதுன்னா, நீயும் கூட வெளையாடிக்கினு கீறியே! பேசாம குந்துய்யா!" என்றாள் மனைவி.

குந்தினேன். துரத்த ஆளில்லாமல் சலித்துப்போன மணி, சாவியை என் மடியில் போட்டது. நெல் தப்பியது.

இப்போது வந்திருக்கும் புதுக்குட்டிக்கு முதல் நாளிலிருந்தே, 'போடு' என்றால் கவ்வியதைக் கீழே போடப் பழக்குகிறோம். அது செருப்பைக் கவ்வினால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்துக்கொள்கிறேன்.