அறுபது நட்சத்திரங்கள்

பட்டுப்புடவையை ஒரே வீச்சில் விரித்துக் காட்டுவதும், பார்க்கிறவர் முகம் சுளித்தால் அதே வேகத்தில் மடித்து அடுக்குவதும் என் வேலை. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்துவந்தேன். போன ஆடியில், கர்க்கடக மழை விடாமல் அடித்த ஒரு காலையில், வீட்டுப் படியிறங்கும்போது வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள்.

கட்டுப் பிரித்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. விரல்கள் மடங்கவில்லை. கையை மூடு என்று மனம் சொன்னால், விரல்கள் பாதி வழி வந்து நின்றுவிட்டன. விரல்நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம், அவ்வளவு இடைவெளி.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்தாள். "அங்கிள், பேடிக்கண்டா, திவசம் நூறு தவண அமுக்கணும்" என்றாள் மலையாளத்தில். பயப்படாமல் தினமும் நூறு முறை அமுக்கினேன். நான்கு நாளில் அந்தப் பந்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. ஓணம் கழிந்து கடைக்குத் திரும்பியபோது முதலாளி என்னை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். உள்ளே வருகிறவர்களைப் பார்த்து "வாங்க", "வரணும்" என்று சொல்ல வேண்டும். அவர் இரக்கத்தில்தான் செய்தார். ஆனால் உள்ளே மற்றவர்கள் புடவையை வீசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது.

என் மனைவி கொக்கி ஊசியால் நூலில் குரோஷா பின்னுகிறவள். ஸ்ரீவராகத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் அது எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் சமயத்தில் நகரத்தின் பல பக்கங்களிலிருந்து அவளுக்கு ஆர்டர் வரும். மேஜை நடுவில் நீளமாக விரிக்கும் டேபிள் ரன்னர்தான் அதிகம். இந்த முறை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பெரிதாக ஒன்று கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்களாம், பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜையாம். வெள்ளை நூலில் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பின்னி, அகலத்துக்கு மூன்று, நீளத்துக்கு இருபது என்று கோத்து, சுற்றிலும் சிவப்புக் கரை போடுவதாக மனைவி ஒப்புக்கொண்டாள். ஆக அறுபது நட்சத்திரங்கள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலில் நூலைச் சுற்றி, ஊசியைப் பேனாபோல் பிடித்து, விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். என் பந்து கேட்டது இதைத்தானே என்று தோன்றியது.

"எனக்கு ஒரு ஊசி தா" என்றேன்.

"எதுக்கு?"

"பின்னிப் பாக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. மீந்துபோன பச்சை நூலையும் பழைய ஊசி ஒன்றையும் எடுத்துத் தந்தாள். "வெள்ளை நூல்ல கை வைக்கப்பிடாது. அது டீச்சருக்க நூல்" என்றாள்.

ஊசி கையில் நிற்கவில்லை. எடுத்து எடுத்துக் கீழே விழுந்தது. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிப் பிடியில் சுற்றினேன். அதன் பிறகு நின்றது. முதல் நாள் சங்கிலிபோல இருபது கண்ணி போட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. மறுநாள் நாற்பது போட்டேன். பத்து நாளில் ஒரு வட்டம் வந்தது. மூன்றாவது வாரம் ஐந்து முனையும் தெரிகிற ஒன்றைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன்.

அவள் அதை விரலால் சுண்டிப் பார்த்தாள். "இது நட்சத்திரம் இல்ல, பப்படம். இம்புட்டு இறுக்கமா இழுத்தா எப்பிடி?" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே நுனியைப் பிடித்து உருவினாள். மூன்று நாள் வேலை ஒரு நிமிஷத்தில் நூலாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அந்த நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், திரும்ப முதலிலிருந்து போட ஆரம்பித்தேன்.

கார்த்திகையில் நாகர்கோவிலில் அவளுடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. பன்னிரண்டு நாள் கூட இருக்க வேண்டும். அதற்குள் இருபத்தாறு நட்சத்திரங்கள் முடித்திருந்தாள். அக்கா வீட்டில் சமையலும் ஆஸ்பத்திரியுமாக இருக்கும், ஊசியைத் தொட முடியாது. கிளம்பும்போது வெள்ளை நூல்கண்டுகளில் நான்கை என் முன்னால் வைத்தாள். அட்டையில் நட்சத்திர அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி அதையும் தந்தாள்.

"இதுக்குள்ள சரியா உக்காரணும். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. ஒண்ணு முடிச்சதும் வச்சுப் பாருங்க. செரியாகலன்னா உருவிருங்க."

அவள் என்னை நம்பித் தரவில்லை, வேறு வழியில்லாமல் தந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனாலேயே அவள் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவது என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். காலையில் கடைக்குப் போகுமுன் ஒன்றில் பாதி. கடை வாசல் நாற்காலியில், ஆள் வராத நேரத்தில் மீதி. உள்ளே வந்த சில பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள், எனக்குப் பின்னத் தெரியுமா என்று வியந்து, "சேட்டனுக்கு இது அறியாமோ?" என்று கேட்டார். "படிச்சுக்கொண்டிருக்கேன்" என்றேன். கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு நாள் கேலி செய்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

அவள் தினமும் போனில் கேட்பாள். "அட்டையில வச்சுப் பாத்தியளா?"

"பாத்தேன்" என்பேன்.

பார்க்கவில்லை. முதல் இரண்டை வைத்துப் பார்த்தபோது குறைவாக இருந்தது. அடுத்ததில் சரியாகிவிடும் என்று அட்டையை அலமாரியில் வைத்துவிட்டேன். எண்ணிக்கை ஏறுவது மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டது.

அவள் வந்து இறங்கியதும் பத்தொன்பது நட்சத்திரங்களைக் கட்டிலில் பரப்பிவைத்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அட்டையைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மூன்றுதான் தேறின. மீதிப் பதினாறும் சுற்றிலும் ஒரு நகத்தளவு சின்னதாக இருந்தன.

"வச்சுப் பாத்ததா சொன்னியளே."

நான் கட்டிலில் கிடந்தவற்றைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன்.

"இதைக் கோத்தா துணி சுருங்கி இழுக்கும். மேஜையில படுக்காது. இருக்கட்டும், விடுங்க. நான் செய்யுதேன்."

அவளுக்கு வேறு மூன்று ஆர்டர்கள் பாக்கி இருந்தன. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்கூட இல்லை. "பதினாறையும் நானே உருவி நானே போடுதேன். நீ மிச்சம் பதினஞ்சைப் போடு" என்றேன். அவள் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். "செரி. ஆனா இந்தத் தடவை அட்டை என் கையில இருக்கும்" என்றாள்.

உருவினேன். திரும்பப் போட்ட முதல் நட்சத்திரமும் குறைந்தது. தளர்த்திப் போடு என்று சொல்வது எளிது. மடங்காத விரல்கள் ஊசியைக் கெட்டியாகப் பிடித்தால்தான் அது என் கையில் நிற்கும், அப்படிப் பிடித்தால் கண்ணி இறுகும். விட்டால் நழுவும். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் கடைக்குப் போகும் வழியில், என் கை தளராதென்றால் கண்ணியைப் பெரிதாக்க வேறு வழி என்ன என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சாலைக் கடைத்தெருவில் நூல் விற்கும் கடைக்குள் நுழைந்து, இதைவிட ஒரு அளவு தடிமனான ஊசி வேண்டுமென்று கேட்டேன்.

அன்று மாலையே ஒன்றை முடித்து மனைவியிடம் நீட்டினேன். அவள் அட்டையில் வைத்தாள். அச்சாக உட்கார்ந்தது. திருப்பி வைத்தாள். அப்படியும் உட்கார்ந்தது. புது ஊசியைப் பார்த்துவிட்டு, "இது கள்ளத்தனமாக்கும்" என்றாள்.

"அளவு செரிதானே?"

"அளவு செரிதான்" என்று ஒப்புக்கொண்டு, அதை டப்பாவில் போட்டு மூடினாள்.

பதினாறும் முடியப் பதினோரு நாள் ஆனது. அதற்கு நடுவில் கையைப் பரிசோதிக்கப் போனபோது பயிற்சிப் பெண் என் விரல்களை மடக்கிப் பார்த்து, மூன்று விரல் உள்ளங்கையைத் தொடுகிறது என்றாள். சுண்டுவிரல் மட்டும் நின்றது. மறுநாளே முதலாளியிடம் போய் என்னை உள்ளே நிறுத்தச் சொன்னேன். கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கியிருந்தது, அவருக்கும் ஆள் தேவை. பருத்திப் புடவை ஒன்றைத் தந்து மடிக்கச் சொன்னார். மடித்தேன். ஐந்தாவதில் ஓரம் நழுவியது, பிரித்து மறுபடியும் மடித்தேன். "பருத்தி மட்டும், மத்தியானம் வரைக்கும்" என்றார். போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

மனைவி எல்லாவற்றையும் கோத்துச் சிவப்புக் கரை போட்டாள். கஞ்சியில் நனைத்துக் கட்டிலில் விரித்து, முனை முனையாகக் குண்டூசி குத்தினோம். மழை வேறு வந்து காயவிடவில்லை. இரண்டு நாள் மின்விசிறிக்கடியில் கிடந்தது. நாங்கள் தரையில் படுத்தோம்.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் ஆட்டோவில் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நானும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மேஜையில் விரித்தோம். சுருக்கமில்லாமல் படுத்தது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனார். நடுவில் நின்றார்.

"நன்னாயிட்டுண்டு. பக்ஷே இதில ரெண்டு கை உண்டல்லோ?"

இரண்டு பேர் பின்னியது அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் மனைவி சொன்னாள்: "உண்டு டீச்சர். பத்தொம்பது இவரு போட்டது. எல்லாம் நான் அளந்து எடுத்ததாக்கும்."

டீச்சர் என் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்த தழும்பு தெரிந்திருக்கும். உள்ளே போய்க் கேக் துண்டுகளும் காபியும் கொண்டுவந்து, ரன்னர் விரித்த அந்த மேஜையிலேயே எங்களை உட்கார வைத்தார். சிந்திவிடுவேனோ என்று நான் டம்ளரை மடியில் வைத்துக் குடித்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி சொன்னாள், "உங்களுக்க நட்சத்திரத்தில ஒண்ணு மட்டும் கொஞ்சம் இறுகித்தான் போச்சு. நான் கரையோரமா வச்சுக் கோத்துட்டேன்."

"அட்டையில வச்சுப் பாக்கலியா?"

"பாத்தேன். பாவமா இருந்தது, விட்டுட்டேன்."

"எது?"

"சொல்ல மாட்டேன்."

திரும்பிப் போய் மாற்றிக் கொடுத்துவிடலாம், ஒரு நாள்தான் ஆகும் என்றேன். நான் நிஜமாகத்தான் சொன்னேன். ஆட்டோக்காரரின் தோளைத் தட்டக் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸ் கழியட்டு" என்றாள்.