குன்றடியாருக்குத் தாடி முளைத்த கதை

ஐம்பத்து மூன்று வயதில் நான் ஒரு சாமியாரை உண்டாக்கினேன். மடம் கட்டவோ ஆள் சேர்க்கவோ அல்ல. ஒரு புத்தகத்தை எழுத எனக்குத் துணிச்சல் போதவில்லை, அவ்வளவுதான். அவருக்குக் குன்றடியார் என்று பெயர் வைத்து, நார்த்தாமலைப் பக்கம் ஒரு பாறையடியில் குடியமர்த்தினேன். மழையில் நனையக் கூடாதே என்று பாறையை முன்பக்கம் கொஞ்சம் நீட்டிவிட்டேன். கற்பனை மனிதர்தான் என்றாலும் அந்த வசதியாவது வேண்டுமல்லவா. இதை யாரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். அவர் இருந்த இடத்தைப் பார்க்க ஒருநாள் வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் நான் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன். புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்பு பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகைகளுக்கு எழுதுவேன். இருபது வருஷமாக எழுதியதில் பெரும்பாலானவை என் மனைவியைப் பற்றியவை. என் கட்டுரைகளில் வரும் மனைவி சாம்பாரில் சர்க்கரை போடுவாள். என் கைபேசியைச் சட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் துவைத்துக் கொடியில் காயப் போடுவாள். வாசகர்களுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

நிஜ மனைவி அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போட்டவள். உப்பு கூடியோ குறைந்தோ ஒருநாள்கூட யாரும் சொன்னதில்லை. கைபேசியைத் துவைத்தது நான்.

கட்டுரை வெளியானதும் பத்திரிகையைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டுவேன். காய் நறுக்கிக்கொண்டே படிப்பாள்.

"சிரிப்பு வருதா?"

"ஒங்களுக்கு வந்துச்சுல்ல, போதும்" என்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளைத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள். தினமும் மத்தியானம் ஒரு மணியானால் என்னைப் பார்த்து, "போயி சாப்புட்டு வாங்க. நான் எங்கயும் போயிரல" என்பாள். நான் போய் எதையாவது விழுங்கிவிட்டு வருவேன், இருப்பாள். பன்னிரண்டாம் நாளும் சொன்னாள். போனேன், வந்தேன், இருந்தாள். சாயங்காலம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் போனாள். சொன்ன சொல் தவறவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஆளுக்கொரு ஆன்மிகப் புத்தகம் இருந்தது. நான் படிக்கிற ஆள் என்று பெயர் எடுத்ததன் பலன். எல்லாவற்றையும் படித்தேன். ஆன்மா அழிவற்றது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்ததோ வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது என்பது. அதைப் பற்றி ஒரு மகானும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் அவள் ஒன்று சொல்வாளே என்று யோசித்தேன். என்ன சொல்வாள் என்பது ஞாபகம் வந்தது. எந்தக் குரலில் சொல்வாள் என்பது வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். குரல் போய்விட்டது, சொல்லும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, கையில் கிடைத்த பழைய டைரியில் எழுத ஆரம்பித்தேன்.

கண்ணாடிக்கு அவள் சொன்னது: "தேடுறத நிப்பாட்டுங்க, தானா கெடைக்கும்."

சந்தையில் நான் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு தடுமாறியபோது: "எறக்கி வைக்கத் தெரியாதவங்க தூக்கப்படாது."

பஸ்ஸில் கடைசி நிமிஷம்வரை நான் தூங்கிக்கொண்டு வந்தபோது: "எறங்குற எடம் தெரியும்ல? முன்னாடியே எந்திரிச்சு நிக்கணும்."

அடுப்பில் பால் பொங்கி வழிவதை நான் ஆர்வத்தோடு கவனித்துக்கொண்டிருந்தபோது: "பாத்துக்கிட்டு நின்னா அடங்குமா? அடுப்ப அமத்துங்க."

டைரி நிறைந்ததும் எழுத்தாளன் விழித்துக்கொண்டான். இதை அச்சுக்குத் தகுந்த தமிழில் மாற்றினால் என்ன என்று தோன்றியது. மாற்றினேன். 'தேடுவதை நிறுத்து, தேடிய பொருள் உன்னருகே வந்து அமரும்.' 'இறக்கி வைக்கத் தெரியாதவன் சுமக்கலாகாது.' 'இறங்கும் இடம் அறிந்தவன் முன்னதாகவே எழுந்து நிற்பான்.' எழுத எழுத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாடி முளைத்துக்கொண்டே வந்தது.

ஆனால் இதையெல்லாம் யார் சொன்னதாகப் போடுவது? மனைவி சொன்னாள் என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதும் எனக்கே சர்க்கரைச் சாம்பார் ஞாபகம் வந்தது. இருபது வருஷமாக அவளைக் கோமாளியாகக் காட்டிப் பெயர் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அதே ஆள் வந்து, அவள் ஞானி என்றால், வாசகன் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தேடுவான். அவளைப் பார்த்து இன்னொரு தடவை யாரும் சிரித்துவிடக் கூடாது என்றுதான் குன்றடியாரை வரவழைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்துக்கும் அன்றைக்கு லேசாகத் தாடி இருந்தது.

பதிப்பகம் எதற்கும் அனுப்பவில்லை. எழுதியவன், வெளியிடுகிறவன், புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போகிறவன் எல்லாம் நானே. கீழ ராஜ வீதியிலிருந்து திரும்பும் ஒரு சந்தில் எனக்குத் தெரிந்த அச்சகம் இருந்தது. அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி அடிக்கிறவர்.

"சாமியாரு போட்டோ இருக்கா சார்?" என்றார்.

"அவர் படம் எடுக்க அனுமதித்ததில்லை" என்றேன். இரண்டாவது பொய்க்கு அவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"அப்ப நானே ஒண்ணு பண்ணிக்கிறேன். தாடி மட்டும் நல்லா எறக்கி வச்சிருவோம் சார். தாடி இல்லாம இந்த மாதிரி பொஸ்தகம் நகராது."

நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் வைத்த பிரதிகள் ஒரு மாதத்தில் தீர்ந்தன. முன்பின் தெரியாதவர்கள் போன் செய்தார்கள். நகைச்சுவை எழுதிய காலத்தில் ஒருவரும் என்னை 'ஐயா' என்றதில்லை. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு மட்டும் புத்தகத்தை அனுப்பவில்லை. தத்துவமெல்லாம் உனக்குப் போரடிக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

அப்போதுதான் வேன் வந்தது. ஏழு பெண்கள். முன்னால் நின்றவர் அறந்தாங்கியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா.

"குன்றடியாரு இருந்த எடத்தப் பாக்கணும்ங்க ஐயா."

"அது வழி சரியில்லைங்களே."

"வேன்லதான வந்துருக்கோம். நீங்க முன்னாடி ஒக்காருங்க, வழி சொல்ல தோதா இருக்கும்."

உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷத்தில் நான் செருப்பு மாட்டிக்கொண்டேன்.

நார்த்தாமலையில் பாறைக்குப் பஞ்சமில்லை. எந்தப் பாறையைப் பார்த்தாலும் ஒரு சாமியாரை வைத்துக் காப்பாற்றும் தகுதியோடுதான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்ததால் நிழல் விழுந்த பாறையாகப் பார்த்துக் கையைக் காட்டினேன். பெண்கள் கும்பிட்டார்கள். தையல்கார அம்மா சூடம் கொளுத்தினார். ஒரு மஞ்சள் துணியும் கொண்டுவந்திருந்தார். அதைப் பாறைமேல் போர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்ப நான் டீ குடிக்கப் போயிட்டேங்க. திரும்பி வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ரெண்டு வருசமா மத்தியானச் சோறு தொண்டைல எறங்கல. ஒங்க பொஸ்தகத்துல கடைசில வருதுல்ல, 'நீ போய் உண்டு வா, நான் எங்கும் போகவில்லை'ன்னு? அதப் படிச்சதுக்கு அப்பறந்தான் எறங்குச்சு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தச் சோறு மறுபடியும் தொண்டையில் நின்றுவிட்டால்? மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள்.

"ஒரு போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தியா?"

பார்த்தேன். அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தது. அச்சகக்காரர் இறக்கிய தாடி, அதற்குக் கீழே அந்தக் கடைசி வரி, அதற்கும் கீழே என் பெயர்.

"இது அம்மா சொன்னதுதான?"

"ம்."

"எனக்கும் சொன்னாங்கப்பா. அந்த வார்டு வாசல்ல நின்னு நான் இட்லி தின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அதப் போயி எவனோ ஒரு தாடிக்காரனுக்கா தூக்கிக் குடுத்த?"

"அம்மா சொன்னதுன்னு போட்டா சிரிப்பாங்கம்மா."

"ஏன் சிரிப்பாங்க?"

"இருபது வருஷமா சிரிக்கத்தானே எழுதியிருக்கேன்."



"அம்மாவுக்குத் தெவசம் வருது. நான் வாரதா இருந்தா அந்தாளு நம்ம வீட்ல இருக்கப்படாது. நீயே முடிவு பண்ணிக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதல் வருஷத் திதிக்கு இருபது நாள் இருந்தது. மகள் இல்லாமல் அவள் அம்மா படத்துக்கு முன்னால் நான் மட்டும் இலை போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். குன்றடியாரைக் காலி செய்வது என்று முடிவெடுத்தேன்.

டைரியைத் திரும்ப எடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் சொன்னபடியே வைத்தேன். கண்ணாடி, சந்தைப் பை, பால், டவுன் பஸ் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்தன. புத்தகம் பாதியாக இளைத்தது. இலக்கணத்தை உருவியதும் தாடி தானாக உதிர்ந்தது. முதல் பக்கத்தில் நாலு வரி எழுதினேன்: 'இதில் இருப்பதெல்லாம் என் மனைவி சொன்னது. குன்றடியார் என்று யாரும் இல்லை. என் பழைய கட்டுரைகளில் வரும் மனைவி என்றும் யாரும் இல்லை. இரண்டு பேரையும் உண்டாக்கியது நான்தான்.'

அட்டைக்கு அவளுடைய வேலை அடையாள அட்டைப் படம்தான் கிடைத்தது. அடுப்பில் உலை கொதிக்கிறது, சீக்கிரம் எடுங்கள் என்று போட்டோக்காரரை முறைக்கிற முகம். அச்சகக்காரர் படத்தையும் முதல் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்கதான சார், செல்போனத் தொவைச்சுக் காயப் போட்டவங்க?"

"அது நான்" என்றேன்.

அதை இருபது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வர இவ்வளவு நாளாகியிருக்கிறது.

அறந்தாங்கி அம்மாவுக்கு நானே போன் செய்து விவரம் சொன்னேன். பேச ஆரம்பித்தபோது அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, முடித்தபோது நின்றிருந்தது.

"தெவசம் என்னைக்குங்க?" என்று மட்டும் கேட்டார்.

மகள் முதல் நாளே வந்துவிட்டாள். வந்ததும் பையைக்கூட வைக்காமல் புதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "பால எழுதிருக்க, தயிர விட்டுட்ட" என்றாள். தயிருக்கு அம்மா என்ன சொல்வாள் என்பதையும் சொன்னாள். எனக்கு மறந்தே போயிருந்தது. டைரியை அவளிடமே கொடுத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பக்கம் நிரப்பியிருந்தாள்.

மறுநாள் அறந்தாங்கி அம்மா தனியாகப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். படத்தைக் கும்பிட்டார். பந்தியில் உட்கார வைத்தோம். மகள் பரிமாறினாள். நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் ஊற்றாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கியது. ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டார். அதுவும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அடுத்த இலைக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

கை கழுவிவிட்டு வந்தவரிடம் புதுப் புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையில் இருந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. அன்னைக்கு அந்தப் பாறைகிட்டயே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"நீங்க சொல்லணுமாக்கும்? எனக்கு அப்பவே சந்தேகந்தாங்க" என்றார். "எந்தச் சாமியாரு அடுத்தவங்கள போயி சாப்புட்டு வான்னு சொல்லுவாரு? பாறையக் காட்டுனப்பவும் நீங்க நெழலாப் பாத்துத்தான் கை காட்டுனீங்க."

"அப்புறம் ஏம்மா சூடம் கொளுத்தினீங்க?"

மகள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"சூடம் வாங்கிட்டு வந்தாச்சுங்க. திருப்பி எடுத்துக்கிட்டா போக முடியும்?"