அக்காவுக்காக விட்ட இடம்

சுனாமி அலை வந்துபோன பிறகு மரக்காணத்துப் பக்கம் வராத ஆளே இல்லை. படகு கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், ஒரு கூட்டம் கை கழுவச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. உப்பளத்தில் வேலை செய்கிற எங்களுக்கு வந்து சேர்ந்தது பாட்டு. ஐப்பசியில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சர்ச் பாடகர் குழு வேனில் வந்தது. எங்கள் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பங்குனியில் பெரிய நிகழ்ச்சி நடத்தப் போகிறார்களாம்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. பள்ளிக்கூடத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள், போனோம். நாங்கள் அம்மன் கும்பிடுகிறவர்கள். "பாட்டுதானே, பாடிட்டு வாங்க" என்றாள் அம்மா. ஒரே பாட்டை மூன்றாகப் பிரித்து ஒரே நேரத்தில் பாட வேண்டும் என்றார் குழுவோடு வந்த பாட்டு டீச்சர். எங்களுக்கு வரவே இல்லை. பக்கத்தில் யார் சத்தமாகப் பாடினாலும் அவர்கள் பின்னாலேயே போய்விடுவோம். என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீ மெதுவா பாடும்மா" என்றார். பாடாதே என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்.

அக்கா மட்டும் அசையவில்லை. யார் எப்படி இழுத்தாலும் தன் பங்கை விடாமல் பாடினாள். டீச்சர் பாட்டின் நடுவில் இரண்டு அடிகளை அவளுக்கென்றே ஒதுக்கினார். அந்த இடம் வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பாண்டியில எனக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல பாட்டுக்கு உதவியாளர் வேணுமாம். நிகழ்ச்சிக்கு அந்த ஸ்கூல் மேடம் வருவாங்க, உன் குரலைக் கேட்டா போதும்" என்றார். அன்றிலிருந்து அக்கா சமைக்கும்போதும் அந்த இரண்டு அடிதான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒருத்தியாவது இந்த வெயிலிலிருந்து தப்பட்டும் என்று நினைத்தேன்.

பங்குனியில் உப்பு விளைந்து கிடக்கும் என்பதை நாள் குறித்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அக்கா லீவு கேட்டாள்.

"பாட்டுக்கு லீவா? போனா அப்படியே போயிடு. உங்க வீட்டுல ஒருத்தரும் நாளைக்கு இங்க வர வேணாம்" என்றார் முதலாளி. அப்பா, அம்மா, நான் எல்லோருக்கும் அவர் அளத்தில்தான் வேலை. அக்கா போகவில்லை.

டீச்சரும் லேசில் விடுகிறவர் இல்லை. அடுத்த வாரமே குழுவையும் அந்த மேடத்தையும் அளத்துக்கே கூட்டிவந்தார். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "தாராளமா பாடுங்க. வேலை மட்டும் நிக்கக்கூடாது" என்றார்.

ஒரே நிறப் புடவையில் வரப்பின்மேல் நின்று பாடினார்கள். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. நாங்கள் கூடையில் உப்பை அள்ளிச் சுமந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தோம். பாட்டு நடுவுக்கு வந்தது. டீச்சர் கையை உயர்த்தினார், எல்லோரும் நிறுத்தினார்கள். அக்காவுக்காக விட்ட இடம் அது.

அப்போது அவள் தலையில் நிறைந்த கூடை, பாதி மேட்டில் கால். நின்றாள். வாயைத் திறந்தாள். உப்புத்தண்ணீர் கூடையிலிருந்து முகத்தில் வழிந்தது. பாடுக்கா, பாடுக்கா என்று எனக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். நெஞ்சு ஏறி இறங்கியதே தவிர குரல் வரவில்லை. டீச்சர் முடிந்தவரை காத்திருந்தார். பிறகு கை இறங்கியது, மற்றவர்கள் மிச்சப் பாட்டைப் பாடி முடித்தார்கள். முதலாளி கைதட்டினார். போட்டோ எடுத்தார்கள். கண்ணாடி போட்ட அந்த ஸ்கூல் மேடம், "பாவம், ரொம்பக் கஷ்டமான வேலை இல்ல?" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். அந்த வேன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"அவ்ளோ நேரம் உனக்காக நிறுத்தினாங்களே, இன்னாக்கா பண்ண?"

அக்கா சும்மாட்டுத் துணியை உதறி மறுபடி சுருட்டினாள்.

"மூச்சு வாங்கிக்கினேன்டி. காலையிலேர்ந்து அப்பத்தான் நின்னேன்."