எண்ணெய் பூசிய தாடை

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஆம்புலன்ஸுக்கு ஓய்வு கிடையாது. ஊரே உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு நடக்கும். பாறையில் ஈரம், காலில் எண்ணெய், கேட்கவா வேண்டும்? விழுந்தவர்களுக்கு முதலுதவி செய்து தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என் வேலை.

அன்று மதியம் அருவிப் படியில் கிடந்தவர் ஆலங்குளத்துக்காரர். பின்மண்டையில் அடி, நினைவில்லை. மல்லாக்கக் கிடந்தவருக்கு யாரோ ஒரு புண்ணியவான் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தார். தொண்டையில் கர்ர் கர்ர் என்று சத்தம். பக்கத்தில் மனைவி விசிறிக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. அசந்து தூங்குதாவ. வீட்லயும் இப்படித்தான் கொறட்டை விடுவாவ."

எங்கே போய் முட்டிக்கொள்ள!

"யக்கா, இது தூக்கம் இல்ல. நாக்கு பின்னால விழுந்து தொண்டைய அடைக்கி."

தலைமாட்டில் மண்டியிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் மெல்லத் துண்டை உருவினார். கழுத்திலும் அடி இருக்கலாம், அதனால் தலையை அண்ணாத்தக் கூடாது. காதுக்குக் கீழே விரல் கொடுத்துத் தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். நாக்கும் கூடவே வரும். தள்ளினேன். விரல் வழுக்கிக் காதுக்குப் போய்விட்டது. மறுபடியும் தள்ளினேன், மறுபடியும் வழுக்கல். முகமெல்லாம் எண்ணெய்.

"ஆக்சிஜன் வைக்காம தாடையப் புடிச்சி வெளையாடுதியளே!" என்று மனைவி அழுதார்.

"மூச்சு வழி அடைச்சிக் கெடக்கும்போது காத்து எப்படிக்கா உள்ள போகும்? தொவட்ட துண்டு இருந்தா குடுங்க."

இதற்குள், விழுந்தவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அண்ணாச்சி உதவிக்கென்று சொட்டச் சொட்டக் கையோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கப் போனார்.

"அண்ணாச்சி, தொடாதீங்க!"

"என் கைக்கு என்னவே கொறச்சல்?"

"அழுத்தி அடைச்ச ஆக்சிஜன்ல எண்ணெய் பட்டா தீப்புடிக்கும்!"

"அருவிக்குள்ள நின்னுக்கிட்டு தீயிங்கீரு. நல்லா இருக்குவே ஒம்ம கத!"

அவரைத் தடுக்க எனக்கு ஏது கை? இரண்டும் தாடையில். நல்லவேளை, ஓட்டுநர் சிலிண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மனைவி கொடுத்த காய்ந்த துண்டால் அவரே தாடையையும் என் விரல்களையும் அழுத்தித் துடைத்தார். இந்த முறை பிடி நின்றது. தாடை முன்னால் வந்தது, கர்ர் சத்தம் சட்டென்று நின்றது.

"ஐயோ, சத்தத்தையே காணோமே!"

"சத்தம் இல்லாட்டாத்தான் நல்லதுக்கா. நெஞ்சப் பாருங்க, ஏறி எறங்குது."

அதன்பிறகுதான் ஓட்டுநர் அவர் முகத்தையும் தன் கையையும் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, முகமூடியை மாட்டி ஆக்சிஜனைத் திறந்தார். ஆஸ்பத்திரி வரை நான் தாடையை விடவில்லை. விரலெல்லாம் மரத்துப்போயிற்று.

சாயங்காலம் வேறொருவரை இறக்கப் போனபோது வார்டில் எட்டிப் பார்த்தேன். மனைவி போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஆக்சிஜன் வச்ச பொறவுதான் உசுரே வந்துச்சு. அதுவரைக்கும் அந்தத் தம்பி சும்மா தாடையப் புடிச்சிக்கிட்டே நின்னாரு."

எனக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கட்டிலிலிருந்து முனகல்.

"ஏட்டி, நான் இன்னும் அருவியில குளிக்கவே இல்லன்னு சொல்லு."

பேச்சு வருகிறது, மூச்சு வழி திறந்திருக்கிறது. வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.