இறுக்காமல் விட்ட இரண்டு போல்ட்

பொய் சொல்வதாக இருந்தால், என்னை நல்லவனாகக் காட்டும் பொய்யாகப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இதில் நான் நல்லவன் இல்லை. அதனாலேயே நீங்கள் நம்பலாம்.

என் பெயர் சாமிநாதன். மெர்லிமா என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். முப்பது வருடத் தொழில். சாமி கை வைத்த வண்டி ரிப்பேருக்குத் திரும்பி வராது என்று ஊரெல்லாம் நானே சொல்லித் திரிந்தவன். திமிர்தான்.

போன வருடம், தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. யுவா என்று நான் கூப்பிடும் வாடிக்கையாளர் யுவனேஸ்வரனின் ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் இருந்தது. 1972 மாடல் இங்கிலீஷ் வண்டி, சிவப்பு, இரண்டே சீட், மேலே கேன்வாஸ் கூரை. நான்கு வருடமாக அவர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது. பெண்டாட்டியை விட வண்டியைத்தான் அதிகம் தடவுகிறார் என்று கேலி செய்வேன். அதற்கு சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் மாற்றினேன். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் இருக்கும் ரப்பர்தான் புஷ். நைந்துபோன பழையதைத் தட்டிக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கெட்டியான புது ரகம் போட்டேன்.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. வண்டி ஜேக்கில் நிற்கும்போது போல்ட்டைக் கையால் மட்டும்தான் முடுக்க வேண்டும். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான், அடியில் நின்று வேலை செய்யத் தரையில் வெட்டியிருக்கும் குழிக்குள் போய் முழுசாக இறுக்க வேண்டும். முன்னாடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும்.

அப்படித்தான் இறக்கிவிட்டு இறுக்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் எட்டு போல்ட். இறுக்கிய ஒவ்வொன்றுக்கும் குழிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது என் வழக்கம்.

மணி 4.20. மேலேயிருந்து யுவா கூப்பிட்டார்.

“அண்ணே, நாலரைக்கு ராகு காலம் லா. மேல வாங்க. நீங்கதான் சூடம் காட்டணும்.”

ஏறிப் போனேன். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அவர் மனைவி ஷாந்தினி தேங்காயோடு நின்றாள். சூடம் காட்டினேன். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே போனது. எல்லாரும் கை தட்டினோம். ஷாந்தினி தன் காரில் வீட்டுக்குப் போனாள். சுங்கை ரம்பாயில் இருக்கும் கூட்டாளிக்கு வண்டியைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று யுவா கிளம்பினார்.

5.05. சாமான்களை எடுத்து வைக்கக் குழிக்குள் இறங்கினேன். சுவரில் ஆறு கோடுதான் இருந்தது.

வலது முன்சக்கரத்து போல்ட் இரண்டும் வெறும் கை முடுக்கில் போயிருக்கின்றன.

போனை எடுத்தேன். அவர் நம்பரைத் தேடினேன். பிறகு மூடிவிட்டேன். முப்பது வருடப் பெயர் என்னாவது? நாளைக்குச் சும்மா ஒரு செக்கப் என்று கூப்பிட்டு, சத்தமில்லாமல் இறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ என் தொண்டையில் இறங்கியதே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு மழை பிடித்தது.

7.05. வாசலில் சத்தம். டொக்... டொக்... டொக்...

தளர்ந்த போல்ட் போடும் சத்தம். எனக்குத் தெரியாதா?

சிவப்பு வண்டி உள்ளே வந்து, நேராகக் குழியின் மேல் நின்றது. எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. ஜிங்க் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். யுவா பெல்ட் போட்டபடி, நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, ரெண்டு விட்டுட்டீங்க.”

“தெரியும் யுவா. போன் பண்ணலாம்னுதான்...”

“பண்ணல.”

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். குனியும்போதுதான் பார்த்தேன். டயர் சுத்தமாக இருந்தது. கேன்வாஸ் கூரை மேல்தான் சேறு. சேற்றில் புல்.

ஸ்பேனரோடு குழிக்குள் இறங்கினேன். மழையில் வந்த வண்டி... அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சினில் சூடு இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். டிரைவர் உட்கார்ந்தால் அந்த வண்டி வலது பக்கம் ஒரு விரல் அளவு இறங்கும். வேலை முடிக்கும்போது அளந்து பார்த்தவன் நான்.

இறங்கவில்லை.

சீட்டில் பாரமே இல்லை.

ஏழாவது போல்ட்டை இறுக்கினேன். கோடு போட்டேன்.

7.12. எட்டாவது. கோடு.

“முடிஞ்சிச்சா?”

குரல் மேலேயிருந்து வரவில்லை. குழிக்குள்... என் முதுகுக்குப் பின்னால்...

நான் திரும்பவில்லை.

“முடிஞ்சிச்சி.”

“இனி உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

மெதுவாக மேலே பார்த்தேன். ஜிங்க் கூரை தெரிந்தது.

வண்டி இல்லை.

7.40க்குப் போன் வந்தது. ஷாந்தினியின் அண்ணன் பாலகிருஷ்ணன். சுங்கை ரம்பாய் சாலை வளைவில் வண்டி புரண்டு, யுவா அங்கேயே போய்விட்டார் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். 6.25. வண்டி இன்னும் கால்வாயில் தலைகீழாகத்தான் கிடக்கிறது, தூக்குகிற லோரி வரவில்லை என்றார்.

ஓடிப்போய் டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தேன். எட்டுக் கோடு இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஈமச் சடங்குக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஷாந்தினி வொர்க்‌ஷாப்புக்கு வந்தாள். நொறுங்கிய வண்டியைச் சோதித்த ரிப்போர்ட் கையில் இருந்தது.

“எல்லா போல்ட்டும் டைட்டாத்தான் இருந்துச்சாம் அண்ணே. உங்க வேலையில குத்தமே இல்லையாம். இவருதான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டிட்டாருன்னு எழுதியிருக்காங்க.”

அந்த வண்டியில் எண்பதைத் தாண்டாதவர் அவர். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அவரு அப்படி ஓட்டுற ஆளாண்ணே? நீங்களே சொல்லுங்க.”

உண்மை வாய் வரைக்கும் வந்தது.

“மழைம்மா... ரோடு ஈரம்” என்றேன்.