ஆலமரத்தில் கட்டிய சாக்கு

பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் கழுகுமலைக்கு நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள் நான். அந்தக் குணத்தால் எங்கள் வீட்டுப் பசுவின் கர்ப்பப்பையைக் கெடுத்தேன்.

அது ஐப்பசி. மழை வெறித்து, கரிசல் விதைக்கிற பதத்துக்கு வந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உளுந்து போட்டாக வேண்டும், டிராக்டருக்குச் சொல்லியிருந்தேன். அன்று காலை பார்த்துத்தான் பசுவுக்கு வலி எடுத்தது. பனிக்குடம் உடைந்து கன்றின் குளம்புகள் மட்டும் தெரிந்தன.

"அவசரப்படாதீங்க, அது தானா ஈனும்" என்று சொல்லிவிட்டு மனைவி வெந்நீர் வைக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் கன்றின் கால்களில் கயிற்றைப் போட்டு இழுத்தேன். புஞ்சையைப் பார்த்துவிட்டு வந்த கை, கழுவக்கூட இல்லை. பசு கதறியது. கிடாரிக் கன்று வந்து விழுந்தது.

"அதுக்குள்ள ஈனிட்டா!" என்று ஓடிவந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நஞ்சுக்கொடி விழவில்லை. தெருவில் டிராக்டர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தொங்கியதைப் பிடித்து இழுத்தேன். பாதி அறுந்து கையோடு வந்தது, மீதி உள்ளே போய்விட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்தில், விழுந்த நஞ்சை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள், பால் பெருகும் என்று. சாக்கைப் பார்த்தால் ஊருக்கே தெரியும், ஈற்று நல்லபடியாக முடிந்ததென்று. பாதி நஞ்சுக்கு வைக்கோலைக் கூடுதலாகத் திணித்தேன். கட்டிவிட்டு விதைக்கப் போனேன்.

நாலாம் நாள் பசுவிடம் நாற்றம், காய்ச்சல். மாட்டு டாக்டர் வந்தார்.

"நஞ்சு முழுசா விழுந்துச்சா? யாரும் இழுத்தீங்களா?"

"தானா விழுந்துட்டு சார். இவியதான் ஆலமரத்துல கட்டிட்டு வந்தாவ" என்றாள் மனைவி.

அவர் என்னைப் பார்த்தார். நான் கன்றைத் தடவிக்கொண்டிருந்தேன். காய்ச்சலுக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே கர்ப்பப்பையைக் கவனித்திருப்பார். எனக்கு மானம் பெரிதாகப் போய்விட்டது.

காய்ச்சல் தணிந்தது, பாலும் கறந்தது. ஆனால் அடுத்தடுத்து மூன்று பருவத்துக்கும் சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. கர்ப்பப்பையில் சீழ் கட்டிப் புண்ணாகிவிட்டது, இனிச் சினை பிடிக்காது என்றார் டாக்டர். சினை பிடிக்காத மாட்டை வைத்துத் தீனி போட எங்களால் முடியாது. மாட்டு யாவாரி வந்து வண்டியில் ஏற்றினார்.

"பருத்திக்கொட்டைய நாந்தான் கொறச்சுட்டேன் போல. எம் பாவந்தான்" என்று அழுதாள் மனைவி.

"விடு, அதுக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்" என்றேன். கன்றை இழுத்ததைவிட, அவளை அப்படி அழவிட்டதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

அந்தக் கிடாரி இப்போது நிறைசினை. மடி இறங்கிவிட்டது. நேற்று அதன் முதுகைத் தடவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "இவ அம்மைக்குப் பாத்த மாதிரி இவளுக்கும் நீங்களே பக்கத்துல இருந்து பாத்துக்கிடுங்க."

சரி என்று தலையாட்டினேன்.